தெளிந்த வானத்து ஸ்லீட்

லிண்ட்சே பரிட்ஜ் கடைக்கு வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றுவார், பிறகு வானத்தைப் பற்றி ஏதாவது சொல்வார், கடைசியில்தான் ரொட்டி கேட்பார். அன்று மூன்றையும் செய்யவில்லை. நேரே அடுப்புப் பக்கம் போய், அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெர்னா பைபஸின் முன்னால் நின்றார்.

"வெர்னா, நீங்க போலீஸ்ல இருந்தவங்க. ஒருத்தன் பொய் சொல்றானா, இல்ல அவனுக்குப் புத்தி பிசகிப் போச்சான்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா?"

"யாரு அந்த ஒருத்தன்?"

"நான்தான்."

கல்லாவுக்குப் பின்னால் நின்ற கீவ்ஸுக்குக் காது விடைத்துக்கொண்டது. ஹார்க்னெஸ் ஏரிக்கரையில் இருக்கும் ஒரே கடை அவனுடையது. பெட்ரோல், தபால், தூண்டில் சாமான், டெலிபோன் எக்ஸ்சேஞ்சு எல்லாமே அவன் தலையில்தான். கோடையில் மீன் பிடிக்க வருகிறவர்கள் ஏப்ரலில் இறங்கிப் போய்விட்டால், ஜூனில் குளிர்காலம் தொடங்கும் டாஸ்மேனியாவின் இந்த மேட்டு நிலத்தில் மிச்சம் இருப்பவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். வெர்னா ஹோபார்ட்டில் துப்பறியும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று இங்கே குடிவந்தவர். அவர் வந்த நாளிலிருந்து, ஊரில் ஒரு சின்னக் கொலையாவது நடக்காதா என்று கீவ்ஸ் ஏங்கிக்கொண்டிருந்தான். வெர்னாவுக்கு அந்த ஏக்கம் துளியும் கிடையாது.

"உட்காருங்க லிண்ட்சே. கீவ்ஸ், இவருக்கு ஒரு டீ கொடு. இப்ப சொல்லுங்க."

லிண்ட்சே அணைக்கட்டின் காவலர். அதோடு, அவர் வீட்டு முற்றத்தில் வேலி போட்டு வைத்திருக்கும் மழைமானிக்கும் வெப்பமானிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்து வானிலைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். மனைவி ஜோன் இறந்த மறுநாள் காலையிலும் ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தவர் அவர். அதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகவும் பேசினார்கள்.

"இந்த ஜூன் மாசத்திலேருந்து அஞ்சாறு தடவை மானிக்குள்ள வெள்ளையா கிடந்துச்சு. புனல்ல, உதிரி உதிரியா, உறைஞ்சு. அளந்த வெந்நீரை ஊத்திக் கரைச்சேன். ஊத்துன வெந்நீரைக் கழிச்சுட்டு மிச்சத்தை எழுதினேன். அதானே முறை? இப்ப ஆபீஸ்லேருந்து சொல்றாங்க, அந்த ராத்திரிகள்ல மேட்டு நிலம் பூரா வானம் தெளிவா இருந்துச்சாம். வேற எங்கேயும் ஒரு பொட்டு விழலையாம். உங்களுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்கறாங்க. வியாழக்கிழமை ரண்டில்னு ஒருத்தர் நேர்ல வர்றார். நான் கதை கட்டறேன்னு முடிவாச்சுன்னா மானியைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க."

"விழுந்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இல்ல, தூங்கிட்டேன். ராத்திரி விழுந்து விடியறதுக்குள்ள உறைஞ்சுபோனா, பனியா விழுந்துச்சா, ஆலங்கட்டியா, இல்ல மழையும் பனியும் கலந்து ஸ்லீட்டா விழுந்துச்சான்னு காலையில பார்த்துச் சொல்ல முடியாது. முழிச்சிருந்தவங்களைக் கேட்கணும், அது விதி. சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கற எனிட்டுக்கு ராத்திரியில தூக்கம் வராது. போன் பண்ணி அவளைக் கேட்டேன். ஸ்லீட்டுதான், தகரத்துல சொத சொதன்னு விழுந்த சத்தம் கேட்டுச்சுன்னா. அவ ஒருத்தி சொன்னதாலதான் நான் இன்னும் நிதானமா இருக்கேன்."

"அந்தக் காலைகள்ல தரையில உறைபனி இருந்துச்சா?"

"கனமா இருந்துச்சு. அதையும் எழுதியிருக்கேன்."

வெர்னா கோப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியாததா லிண்ட்சே? வானம் தெளிஞ்சாத்தான் கனமா உறைபனி பிடிக்கும். மேகம் மூடினாத்தான் ஸ்லீட் விழும். ரெண்டும் ஒரே ராத்திரியில எப்படி வரும்?"

"தெரியும். ஆனா மானியில கிடக்கறதைத்தான் எழுதணும். என் மனசுல தோணறதை எழுதக் கூடாது. மானியோட நான் வாதாட முடியுமா?" குரல் இறங்கிவிட்டது. "எங்கம்மா கடைசிக் காலத்துல ராத்திரி எந்திரிச்சு என்னென்னவோ செய்வாங்க. காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நானே தூக்கத்துல எந்திரிச்சு அள்ளிப் போடறேனோன்னு பயமா இருக்கு வெர்னா. அப்படின்னா அதையும் சொல்லிடுங்க. ஒளிக்காதீங்க."

அவர் போன பிறகு கீவ்ஸ் கல்லாவைத் தாண்டி வந்தான்.

"இன்ஸ்பெக்டரம்மா, இது வாஸ்பர் வேலைதான். விடுதிக்காரன். இந்த வானிலை ஸ்டேஷனைத் தன்னோட விடுதி வாசலுக்கு மாத்தணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான். ரேடியோவுல தினமும் விடுதி பேரு வருமே, அந்த ஆசை."

"இருக்கலாம். தெளிஞ்ச ராத்திரி வந்தா மறுநாள் காலையில பார்ப்போம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

"என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

செவ்வாய் இரவு நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. புதன் காலை ஒன்பதுக்கு முன்பே இருவரும் லிண்ட்சேயின் முற்றத்தில் நின்றார்கள். புல், வேலி, விறகுக் குவியல் எல்லாம் வெளுத்திருந்தன. மழைமானி தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான் இருக்கும். அதன் செம்புப் புனலில் ஒரு கைப்பிடி வெள்ளை உதிரி கிடந்தது. லிண்ட்சே அதைப் பார்த்துவிட்டு வெந்நீர் எடுத்து வர உள்ளே போனார். அவர் நடையைப் பார்க்கவே கீவ்ஸுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெர்னா குனிந்து புல்லைத்தான் முதலில் பார்த்தார். "இங்கே பாரு. உறைபனி ஊசி ஊசியா நிமிர்ந்து நிக்குது. மேல ஸ்லீட் விழுந்திருந்தா இப்படி நிக்குமா?"

"படுத்திருக்கும்."

"மானியைச் சுத்தி என்ன தடம்?"

சின்னச் சின்ன விரல் தடங்கள் மானியை இரண்டு மூன்று முறை சுற்றியிருந்தன. செம்பில் புதிதாக நகக் கீறல். "குவோல்," என்றான் கீவ்ஸ். பூனை அளவில், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இரவில் திரியும் அந்தப் பிராணி அவன் கோழிகளை எத்தனையோ முறை காலி செய்திருக்கிறது. "ஆனா தண்ணிக்கா வந்திருக்கும்? பக்கத்துலயே ஏரி கிடக்குதே."

வெர்னா உதிரியில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கரைந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். என்ன என்று கீவ்ஸ் கேட்பதற்குள் வேலியைத் தாண்டி நடந்துவிட்டார்.

முற்றத்திலிருந்து சதுப்பின் மேலே ஒரு பலகைப் பாதை கிழக்கே போகும். அந்தப் பக்கம் இருப்பது இரண்டே இடங்கள்: முதலில் எனிட் டாலண்டின் வீடு, அதைத் தாண்டி வாஸ்பரின் விடுதி. பலகைகளில் படிந்திருந்த உறைபனி நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது. வழுக்காமல் இருக்க பூட்ஸில் சாக்குச் சுற்றிக்கொண்டு நடந்தால் இப்படித்தான் தேயும். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள், வெர்னா உட்பட.

வாஸ்பர் விடுதியின் மதுக்கூடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஐஸ் இயந்திரம் உறுமியது. கீவ்ஸ் ஒரு கோப்பை ஐஸை வாங்கி வெற்றிப் புன்னகையோடு வெர்னாவிடம் நீட்டினான். கண்ணாடித் துண்டு போல, உள்ளே பார்த்தால் மறுபக்கம் தெரியும் சில்லுகள்.

"ஸ்டேஷன் வேணும்னு கேட்டதா? அது பழைய கதை," என்றார் வாஸ்பர். "கிறிஸ்துமஸ் அன்னிக்கும் ஒன்பது மணிக்கு எந்திரிச்சுப் பார்க்கணும்னு சொன்னாங்க. ஆளை விடுங்கடா சாமின்னு ஓடி வந்துட்டேன். சொல்லப்போனா லிண்ட்சேயால என் பொழைப்புல மண்ணு. அவன் ஸ்லீட்னு சொன்னா, மலை ஏற நினைச்ச நாலு பேரும் வீட்டுலயே இருந்துடறான். தெளிஞ்ச வானத்துல ஸ்லீட் விழ வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

வெளியே வந்ததும் கீவ்ஸின் முகம் தொங்கிப் போயிருந்தது. "அப்ப லிண்ட்சேதானா?" என்றான். அதைச் சொல்ல அவனுக்கே பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில் எனிட் வாசலிலேயே நின்று கூப்பிட்டாள். ஐம்பதைத் தாண்டியவள். ஏரி மீனை வாங்கிப் புகைபோட்டு விடுதிக்குக் கொடுத்துப் பிழைக்கிறாள். அடுப்பில் கெட்டில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

"லிண்ட்சே எப்படி இருக்கார்? நேத்து ராத்திரியும் விழுந்துச்சே. இன்னிக்கு இன்னும் போன் பண்ணல."

"வேலையா இருந்தார்," என்றார் வெர்னா.

எனிட் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள். டெலிபோன் பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலி ஒன்று இருந்தது. அதன் முதுகில் ஒரு சால்வை. வீட்டில் இருந்த நல்ல நாற்காலி அது ஒன்றுதான். அது அடுப்பைப் பார்த்துப் போடப்படவில்லை, டெலிபோனைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

"கீவ்ஸ், உனக்கு ஒரு மீன் தரேன். உள்ளே ஃப்ரீசர்ல நீயே எடுத்துக்கோ."

கீவ்ஸ் மூடியைத் தூக்கிப் பார்த்து அசந்து போனான். அவன் கடை ஃப்ரீசரில் சுவரெல்லாம் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை ஏறி, கதவே மூடாது. இங்கே மீன்கள் அடுக்கி வைத்திருக்க, சுவர்கள் கழுவிய தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தன. "எங்க கடையிலயும் வந்து கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடேன்," என்றான். எனிட் சிரிக்கவில்லை.

கடைக்குத் திரும்பும்போது வெர்னா கேட்டார். "கீவ்ஸ், ஒவ்வொரு தடவையும் மானியில வெள்ளை கிடந்த பிறகு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே. யாருக்கும் ஒரு லாபமும் இல்ல."

"நல்லா யோசி. நடந்த காரியத்தை நடத்தி வச்சவனே நீதான்."

கீவ்ஸ் ராத்திரி முழுக்க யோசித்தான். தான் என்ன செய்தோம் என்று பிடிபடவில்லை. சந்தேகம் தன் மேலே வந்துவிட்டதோ என்றுகூட ஒரு கட்டத்தில் பயந்தான்.

வியாழக்கிழமை ரண்டில் வந்தார். சேறு படாத சப்பாத்தும் நல்ல மேல்கோட்டும் போட்ட மனிதர், மரியாதை தெரிந்தவர். கடையில் அடுப்பைச் சுற்றி லிண்ட்சே, வாஸ்பர், எனிட் மூவரையும் வெர்னா உட்கார வைத்திருந்தார். கீவ்ஸ் எக்ஸ்சேஞ்சுப் பலகையின் முன்னால் உட்கார்ந்துகொண்டான். லிண்ட்சே சவரம் செய்து, சாவுக்கும் கல்யாணத்துக்கும் போடும் கோட்டைப் போட்டிருந்தார்.

"சார், சுருக்கமா சொல்றேன்," என்றார் வெர்னா. "மானியில இருந்தது வானத்திலேருந்து விழல. கீழே உறைபனி ஊசி ஒண்ணுகூட ஒடியல. ஒரு மனுஷக் கைதான் போட்டிருக்கு. மேகம் இருந்தா பலகைப் பாதை இருட்டிடும். நட்சத்திர வெளிச்சத்துலதான் அந்தச் சதுப்பைத் தாண்ட முடியும். அதனாலதான் தெளிஞ்ச ராத்திரியா வந்துச்சு. வந்தவங்க செஞ்ச பெரிய தப்பும் அதுதான்."

"ஐஸ் எங்கேருந்து வந்துச்சு?" என்று ரண்டில் கேட்டார்.

"வாஸ்பர்கிட்ட இருக்கறது கண்ணாடிச் சில்லு. இது ஃப்ரீசர் சுவத்துலேருந்து சுரண்டின வெள்ளைப் பொருக்கு. அதுல மீன் வாடை. நம்ம மூக்குக்கு லேசா, குவோலோட மூக்குக்கு விருந்துச் சாப்பாடு. அதான் சுத்திச் சுத்தி வந்திருக்கு. லிண்ட்சே வீட்டுல ஃப்ரீசரே கிடையாது, அவர் மீனைத் தொடவும் மாட்டார். வந்த தடமும் கிழக்கேருந்து. அதனால இவர் பொய்யும் சொல்லல, தூக்கத்துலயும் நடக்கல. இவ்வளவு போதும்னு நினைக்கிறேன்."

கீவ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. பளிச்சென்ற அந்தச் சுவர்கள் கண்முன் வந்தன. தலையைத் தூக்கக் கூச்சமாக இருந்தது.

ரண்டில் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும், அது போதாது மேடம். மானிக்குப் பக்கத்துல இருக்கறது இவர் ஒருத்தர்தான். பேர் இல்லாம நான் போய்ச் சொன்னா, இவரைக் காப்பாத்த நீங்க சேர்ந்து ஏதோ சொல்றீங்கன்னுதான் நினைப்பாங்க. ஸ்டேஷனை மூடத்தான் வேண்டியிருக்கும்."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்து விழுந்தது. வாஸ்பர் எதையோ கேட்க வாயெடுத்தார். வெர்னா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"நான்தான்," என்றாள் எனிட்.

லிண்ட்சே அவள் பக்கம் திரும்பினார்.

"மே மாசத்துல ஒரு தடவை நிஜமாவே ஸ்லீட் விழுந்துச்சு. நீங்க போன் பண்ணி, 'உன் பக்கம் என்ன விழுந்துச்சு எனிட்'னு கேட்டீங்க. அப்புறம் கெட்டில் ஒழுகுறதைப் பத்திச் சொன்னீங்க. ஜோன் போட்ட ரோஜாச் செடியைப் பத்திச் சொன்னீங்க. ரொம்ப நேரம் பேசினோம். அதுக்கப்புறம் வெறும் உறைபனிதான். உறைபனிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லையே. போன் அடிக்கவே இல்ல." அவள் கைகளையே பார்த்துப் பேசினாள். "இந்தக் குளிர்ல நான் வாயைத் திறந்து பேசறது அந்தப் போன்ல மட்டும்தான் லிண்ட்சே. உங்களுக்கு இவ்வளவு கெடுதல் வரும்னு தெரியாது. சத்தியமா தெரியாது."

"நீயே பண்ணியிருக்கலாமே, போன்," என்றார் வாஸ்பர். கேட்கக் கூடாததைத்தான் அவர் எப்போதும் கேட்பார்.

"என்ன சொல்லிப் பண்றது?"

கீவ்ஸ் தன் எதிரே இருந்த பலகையைப் பார்த்தான். ஒவ்வொரு முறையும், ஒன்பதே காலுக்கு, லிண்ட்சேயின் வயரை எடுத்து எனிட்டின் துளையில் சொருகியது இவன் கைதான்.

"எனக்குப் புத்தி போயிடுச்சுன்னு நான் நினைச்சேன்," என்றார் லிண்ட்சே மெதுவாக. "ராத்திரி கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுட்டுப் படுத்தேன். நானே வெளியே போயிடக் கூடாதுன்னு." தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "ரண்டில் சார், தப்பான அளவையெல்லாம் அடிச்சுடுங்க." எனிட்டைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ரண்டில் அவற்றை அடித்தார். ஸ்டேஷன் பிழைத்தது. ஆனால் அதற்கப்புறம் ஊர் இன்னும் அமைதியாகிவிட்டது. எனிட் கடைக்கு வருவதில்லை. வாஸ்பரின் வண்டிதான் மீனை எடுத்துப் போனது. லிண்ட்சே வந்து தொப்பியைக் கழற்றுவார், வானத்தைப் பற்றிச் சொல்வார், ரொட்டி வாங்குவார். அவள் பெயரை எடுக்கமாட்டார். யார் செய்தது என்று வெளியே வராமலே இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்குமோ என்று கீவ்ஸ் ஒருநாள் கேட்டான்.

"அவளே சொன்னாத்தான் அவருக்கு நிம்மதி," என்றார் வெர்னா. "அவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியல. என் தொழில்ல அந்தப் பாதி எனக்கு எப்பவும் தெரிஞ்சதில்ல."

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பிற்பகல், மேகம் ஏரி வரைக்கும் இறங்கியது. லிண்ட்சே ரொட்டியோடு கடை வாசலில் நிற்கும்போதே விழ ஆரம்பித்தது. பாதி மழை, பாதி பனி, கோட்டில் ஒட்டிக் கரைந்து வழிந்தது. அவர் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார், உற்றுப் பார்த்தார், "ஸ்லீட்," என்றார். வெர்னாவும் பார்த்தார், கீவ்ஸும் பார்த்தான். யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஸ்லீட்.

அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்ற நேரத்தில் பலகையில் அவருடைய மணி அடித்தது. கீவ்ஸ் காதுக்கருவியை மாட்டிக்கொண்டான்.

"எந்த நம்பர்?"

லிண்ட்சே எனிட்டின் நம்பரைச் சொன்னார். அங்கே மணி ஒருமுறை முழுதாக அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"எனிட்," என்றார் லிண்ட்சே. "உன் பக்கம் என்ன விழுது?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பார்த்துட்டு வந்து சொல்றேன்," என்றாள். "வச்சுடாதீங்க."

கீவ்ஸ் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுப்புக்கு விறகு எடுத்துவரப் போனான்.